'மைட்' என்று நீட்டினால் ஆஸ்திரேலியர் ஆகிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு நடிகர்கள் ஆஸ்திரேலியர்களாக நடித்த படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஒரு தமிழ் நாளிதழ் இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிது. ஆனால் கட்டுரையின் அளவுகோல் தலைகீழாக இருக்கிறது. நண்பரை அழைக்கும் 'மேட்' என்ற சொல்லை 'மைட்' என்று யார் பலமாகச் சொன்னாரோ அவருக்குப் பாராட்டு. பேச்சில் எதுவும் துருத்திக்கொண்டு தெரியாதவருக்கு 'உழைப்புப் போதவில்லை' என்று குட்டு. உச்சரிப்புப் பயிற்சியைத் தொழிலாகச் செய்பவர்கள் மதிப்பெண் போட்டால் இந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே கவிழ்ந்துவிடும்.

முதலில் கேட்க வேண்டியது, எந்த ஆஸ்திரேலியர் என்பது. மொழியியலாளர்கள் ஏ. ஜி. மிட்செல், ஆர்தர் டெல்பிரிட்ஜ் இருவரும் பள்ளி மாணவர்களின் பேச்சை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல் மூன்று தரங்களைப் பிரித்துக் காட்டியது. மூக்கும் முழியுமாகத் தெரியும் அழுத்தமான வழக்கு 34 சதவீதம். பொது வழக்கு 55 சதவீதம். இங்கிலாந்துச் சாயல் கொண்ட 'பண்பட்ட' வழக்கு 11 சதவீதம். அதற்குப் பிறகு இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுவில் இருப்பது இன்னும் பெருத்திருக்கிறது. பிரதமர்களில் பாப் ஹாக் அழுத்தமான ஓரம் என்றால் மால்கம் ஃப்ரேசர் பண்பட்ட ஓரம். நம் வாசகர்களுக்குக் கிரிக்கெட் வர்ணனை வழியாக இந்த வேறுபாடு ஏற்கெனவே பழக்கம்தான்: ரிச்சி பெனோவின் அளந்து வைத்த பேச்சையும், விக்கெட் விழுந்ததும் எகிறும் பில் லாரியின் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. (ஸ்கோரையும் அவர்கள் '2 விக்கெட்டுக்கு 222' என்று விக்கெட்டை முன்னால் போட்டுத்தான் சொல்வார்கள். ஒலியெல்லாம் சரியாக வந்து இந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும் வசனமும் உண்டு.)

வெளிநாட்டு நடிகர் காதில் முன்கூட்டியே பதிந்திருப்பது 1986இல் வந்த 'க்ரோக்கடைல் டண்டீ' படத்தின் பால் ஹோகன் அல்லது தொலைக்காட்சியில் முதலை பிடித்த ஸ்டீவ் இர்வின். இருவரும் அழுத்தமான ஓரத்தைச் சேர்ந்தவர்கள். சிட்னியில் வழக்கறிஞராக இருக்கும் ஒரு பாத்திரத்துக்கு அந்தக் குரலை எடுத்தால், ஒவ்வோர் ஒலியும் தனித்தனியே சரியாக இருந்தாலும் ஆள் பொய்யாகிவிடுவார். 'எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு அசல்' என்ற உங்கள் கட்டுரையின் கணக்கு அடிபடும் இடம் இதுதான்.

ஊருக்கு ஊர் வேறுபாடு இங்கிலாந்து அளவுக்கு இல்லை. வகுப்பு, வயது, நகரமா கிராமமா என்பதே அதிகம் பேசும். ஆனாலும் சில பொறிகள் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் உள்ள நியூகாசிலை அந்த ஊர்க்காரர் நெடிலாகக் 'காசில்' என்பார். விக்டோரியாவின் காசில்மெயினில் அதே 'காசில்' குறுகி, ஆங்கிலத்தில் பூனையைச் சொல்லும் 'கேட்' சொல்லின் உயிரோடு வரும். மெல்பன் ஆட்கள் பலர் சொந்த ஊரின் பெயரையே முதல் 'எ'யைக் கீழே இறக்கி 'மால்பன்' போலச் சொல்வார்கள். 'மெல்-போர்ன்' என்று எழுத்தைப் பார்த்து வாசிக்கும் நடிகரை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இனி அந்த 'மேட்'. அமெரிக்கரும் படித்த ஆங்கிலேயரும் 'டே', 'மேட்', 'ரெயின்' போன்ற சொற்களின் உயிரை 'எ'யில் தொடங்கி 'இ'யில் முடிக்கிறார்கள். ஆஸ்திரேலியர் நாக்கைக் கீழே இறக்கி, மேலே சொன்ன 'கேட்' உயிரில் தொடங்கி அதே 'இ'யில் முடிக்கிறார். வெளியூர்க் காதுக்கு இது 'ஐ' போலக் கேட்கிறது. அதனால் நடிகர் முழு 'ஐ'யாகவே போட்டு 'மைட்' என்கிறார். ஆனால் ஆஸ்திரேலியரின் 'ஐ' மட்டும் இருந்த இடத்திலா இருக்கிறது? 'நைட்', 'லைக்', 'டை' எல்லாம் வாயின் பின்பக்கம், 'ஆ'வுக்கும் 'ஒ'வுக்கும் இடையில் எங்கோ தொடங்கும். பேருந்து இருக்கையில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரும் நகர வேண்டியிருப்பது போல, ஓர் உயிர் இடம் பெயர்ந்தால் அடுத்ததும் பெயரும். முதலாவதை மட்டும் நகர்த்தி இரண்டாவதை அமெரிக்க இடத்திலேயே விட்டுவிடும் நடிகர் வாயில் 'இன்று' என்னும் 'டுடே'யும் 'சாக' என்னும் 'டு டை'யும் ஒரே ஒலியாகிவிடும். 'இங்கே சாகவா வந்தாய்?' 'இல்லை, நேற்றே வந்துவிட்டேன்' என்ற அந்தப் பழைய நகைச்சுவைத் துணுக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அசல் ஆஸ்திரேலியர் வாயில் அந்தக் குழப்பம் கிடையாது. இரண்டும் இரண்டு இடத்தில்தான் இருக்கின்றன.

இந்தச் சங்கிலியில் இன்னும் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. 'நௌ', 'ஹவுஸ்' போன்றவை 'ஆ'வில் தொடங்காமல் 'கேட்' உயிரில் தொடங்கி 'ஒ' பக்கம் போகும். 'மீ', 'ஸீ' என்ற நெடில்களுக்கு முன்னால் மெல்லிய 'அ' ஒன்று ஒட்டிக்கொண்டு 'மஇ' போல வழுக்கும். அழுத்தமான வழக்கில்தான் இது பளிச்சென்று கேட்கும். 'நோ', 'கோ' ஆகியவற்றில் நாக்கு பின்னால் போகாமல் முன்னால் நகரும், உதடு அரைகுறையாகத்தான் குவியும். இணையத்தில் இந்த 'நோ'வை 'நார்' என்று எழுதிக் கேலி செய்கிறார்களே, அது அமெரிக்கக் காதின் கைவேலை. அங்கே 'ர்' என்று ஒன்று இல்லவே இல்லை. அந்தக் கேலியைப் பார்த்துப் பயிற்சி எடுத்து, இல்லாத 'ர்'ரை உருட்டும் இளம் நடிகர்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

லண்டன் தொழிலாளர் பேச்சிலும் இதே உயிர்ச்சங்கிலி ஏறக்குறைய உண்டு. 1788 முதல் வந்திறங்கியவர்களில் தென்கிழக்கு இங்கிலாந்துக்காரர்கள் அதிகம். அவர்கள் பேச்சும் ஐரிஷ் பேச்சும் மற்றதும் கலந்து, அங்கே பிறந்த பிள்ளைகள் வாயில் சமன்பட்டு உருவானதுதான் இந்த வழக்கு. அதனால் உயிரை நகர்த்தக் கற்றுக்கொண்ட நடிகர் கால் வழுக்கி விழுவது பெரும்பாலும் லண்டனில்தான். விழுந்துவிட்டாரா என்று மெய்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 'ஹவுஸ்' என்பதில் 'ஹ' போய்விட்டதா? 'திங்க்' என்பது 'ஃபிங்க்' ஆகிவிட்டதா? 'வாட்டர்' என்பதன் நடுவில் தொண்டை அடைபடுகிறதா? மூன்றுக்கும் ஆமென்றால் அது லண்டன். ஆஸ்திரேலியர் சாதாரணப் பேச்சில் அந்த 'ட்'டை நம் 'ர'வைப் போல நாக்கால் ஒருமுறை தட்டிவிட்டுப் போவார். அமெரிக்க நடிகருக்கு இந்தத் தட்டல் பிறவியிலேயே உண்டு; ஆங்கிலேய நடிகர் கற்க வேண்டும். வழுக்கி விழ இன்னொரு பள்ளம் நியூசிலாந்து. மீனைச் சொல்லும் 'ஃபிஷ்' ஆஸ்திரேலியர் வாயில் இறுகிய 'இ', கிட்டத்தட்ட 'ஃபீஷ்'ஷைக் குறுக்கியது போல. நியூசிலாந்துக்காரர் வாயில் அது 'ஃபஷ்'. படம் முழுக்கச் சரியாகப் பேசிவிட்டு இந்த ஒற்றை உயிரில் கடல் தாண்டிவிடுபவர்கள் உண்டு.

தமிழ்க் காதுக்கு எளிதாகப் பிடிபடும் ஓர் இடமும் இருக்கிறது. வெட்டுவதைச் சொல்லும் 'கட்' என்பதற்கும் வண்டியைச் சொல்லும் 'கார்ட்' என்பதற்கும் அமெரிக்கப் பேச்சில் 'ர்'தான் முக்கிய வேறுபாடு. இங்கிலாந்துப் பேச்சில் நாக்கின் இடம் மாறுகிறது. ஆஸ்திரேலியப் பேச்சில் நாக்கு அதே இடத்தில்தான் இருக்கும். மாறுவது மாத்திரை ஒன்றே. படம், பாடம் என்று நாம் பிரிப்பது போல 'கட்', 'காட்'. படுக்கையைச் சொல்லும் 'பெட்' என்பதன் உயிரை நீட்டினால், 'திறந்து காட்டிய' என்று பொருள்படும் 'பேர்ட்' கிடைத்துவிடும். நடுவில் 'ர்' இல்லை, வழுக்கலும் இல்லை, நம்முடைய சுத்தமான 'ஏ'. முடியைச் சொல்லும் 'ஹேர்', 'அங்கே' என்னும் 'தேர்' இரண்டுக்கும் இதே 'ஏ' போதும். அமெரிக்க நடிகர்கள் வாரக்கணக்கில் போராடும் இந்தக் குறில் நெடில், தமிழ்ப் பிள்ளைக்கு அரிச்சுவடியிலேயே கிடைத்துவிடுகிறது.

'ர்' பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உயிருக்குப் பின் வரும் 'ர்' ஒலிக்காது. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் திரும்பி வரும். 'கார்' தனியாக நின்றால் 'கா'. 'கார் இஸ்' என்றால் நடுவில் 'ர்' கேட்கும். எழுத்தில் இல்லாத இடத்திலும், 'ஸா இட்' என்பது 'ஸாரிட்' ஆவது போல, அது முளைக்கும். அமெரிக்க நடிகர்களில் ஒரு சாரார் 'ர்'ரைக் களைந்தால் போதும் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறார்கள். சொற்கள் ஒவ்வொன்றாகத் தனித்து நின்று, எழுதி வைத்து வாசிப்பது போல ஆகிவிடுகிறது.

விமர்சகர்கள் யாரும் கவனிக்காத, ஆனால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் முதல் இடம் அழுத்தமில்லாத அசைகள். முயலைச் சொல்லும் 'ராபிட்' ஆஸ்திரேலியாவில் 'ராபட்'. அந்நாட்டு முன்னாள் பிரதமர் ஆபட்டின் பெயரோடு அச்சாக எதுகை பிடிக்கும். 'வாண்டிட்' இல்லை, 'வாண்டட்'. 'பாக்ஸிஸ்' இல்லை, 'பாக்ஸஸ்'. ஆங்கிலேய நடிகர்கள் 'மேட்'டுக்கு ஒரு மாதம் உழைத்துவிட்டு இந்த 'இ'யை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு வசனத்தில் 'மேட்' ஒருமுறை வந்தால் அழுத்தமில்லாத அசைகள் பத்து வரும். காது ஏமாறுவதும் ஏமாறாமல் இருப்பதும் அந்தப் பத்தால்தான். 'மேட்' சரியாக வந்துவிட்டதே, அப்புறம் ஏன் ஏதோ இடிக்கிறது என்று பார்வையாளர் குழம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாக்கியத்தின் முடிவில் குரல் மேலேறும் பழக்கம் பற்றியும் கட்டுரை எழுதியிருந்தது, 'எல்லாமே கேள்வி போல முடியும்' என்று. எல்லாமே முடியாது. கதை சொல்லும்போது, வழி சொல்லும்போது, எதிரில் இருப்பவர் தொடர்ந்து வருகிறாரா என்று சரிபார்க்கும் இடத்தில் ஏறும். உத்தரவிடும்போதும் சண்டையிடும்போதும் ஏறாது. வாக்கியத்துக்கு வாக்கியம் ஏற்றுபவர் ஆஸ்திரேலியரைப் போலி செய்கிறார், அவ்வளவே.

வாய்க்குள் ஈ புகாமல் இருக்கப் பல்லைக் கடித்துப் பேசிப் பேசி வந்த வழக்கு என்பதும் வெறும் கதை. ஆனால் வாயின் இருப்பு நிலை முக்கியம் என்பது உண்மை. தாடை அதிகம் திறக்காது. உதட்டு ஓரங்கள் லேசாகப் பக்கவாட்டில் இழுபடும். நாக்கின் உடல் முன்னால் நிற்கும். சிலரிடம் மூக்கொலி கலக்கும். அமெரிக்க நடிகரின் நாக்கு 'ர்'ருக்குத் தயாராகப் பின்னால் குவிந்தே கிடக்கும். அதை இறக்கி வைக்காமல் உயிர்களை ஒவ்வொன்றாகத் திருத்துவது வீண் வேலை. காலையில் சரியானது மாலையில் பழைய இடத்துக்கே போய்விடும்.

இந்த அளவுகோலோடு படங்களுக்கு வருவோம். 1960இல் வெளிவந்த 'தி சன்டவுனர்ஸ்' படத்தில் அமெரிக்கரான ராபர்ட் மிட்சம் ஆடு ஓட்டிச் செல்லும் தொழிலாளியாக வருகிறார். உயிர் எதையும் அவர் பெரிதுபடுத்தவில்லை. தாடையைத் தளர்த்தி, அவசரமில்லாமல், சொற்களை ஒன்றோடொன்று உரசவிட்டுப் பேசுகிறார். அறுபது ஆண்டு தாண்டியும் அந்தப் பேச்சு நிற்கிறது. மூன்றே ஆண்டு கழித்து 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஜேம்ஸ் கோபர்ன் ஆஸ்திரேலிய விமானியாக வருகிறார். வசனத்துக்கு வசனம் நாடு மாறுகிறது. படம் அருமையான படம், அது வேறு.

1988இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்த 'ஈவில் ஏஞ்சல்ஸ்' பற்றி உங்கள் கட்டுரை ஒரே வரியில், அதுவும் 'டிங்கோ என் குழந்தையைத் தூக்கிப் போய்விட்டது' என்ற வசனத்தின் மீதான கேலியோடு (டிங்கோ என்பது ஆஸ்திரேலியக் காட்டு நாய்), கடந்துபோனது வருத்தம். ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு பாறை அருகே 1980 ஆகஸ்ட் 17 அன்று தன் ஒன்பது வாரக் குழந்தையைப் பறிகொடுத்து, பின்னர் கொலைகாரி என்று தவறாகச் சிறைக்கும் போன லிண்டி சேம்பர்லின் வேடம் அது. லிண்டி நியூசிலாந்தில் பிறந்து, கைக்குழந்தையாக ஆஸ்திரேலியா வந்தவர். ஸ்ட்ரீப் பொதுவான ஓர் 'ஆஸ்திரேலியப் பேச்சை'ப் பிடிக்கவில்லை. இந்த ஒரு பெண்ணின் பேச்சைப் பிடித்தார். அன்றைக்குப் பொதுமக்கள் லிண்டியை வெறுத்ததற்குக் காரணங்களில் ஒன்று, தொலைக்காட்சியில் அவர் அழாமல், தட்டையான குரலில், விவரம் சொல்வது போலப் பேசியது. அந்தத் தட்டைத்தன்மையைக் கொண்டுவரவில்லை என்றால் படமே இல்லை. உயிரொலிகளைவிடப் பேச்சின் ராகம் அங்கே கதையைச் சுமக்கிறது. கான் விழாவில் சிறந்த நடிகை விருது சும்மா கிடைக்கவில்லை. மேடைக் கோமாளிகள் அந்த ஒரு வரியை எடுத்து ஊதிப் பெருக்கியதற்கு அவர் பொறுப்பில்லை.

கேட் வின்ஸ்லெட் நடித்த 'தி டிரெஸ்மேக்கர்' (2015) வேறு வகைக் கணக்கு. சிறுவயதில் கிராமத்தை விட்டு அனுப்பப்பட்டு, பின்னர் ஐரோப்பாவில் தையற்கலை கற்று, 1951இல் திரும்பும் பெண். அவர் பேச்சு ஊராரின் பேச்சோடு ஒட்டவே கூடாது. 'மற்றவர்கள் அளவுக்கு ஆஸ்திரேலியத்தனம் இல்லை' என்று நீங்கள் குறையாக எழுதியது வேடத்துக்குத் தேவையான ஒன்று.

கட்டுரையில் மிகவும் அநியாயம் செய்யப்பட்டவர் தேவ் பட்டேல். 'லயன்' (2016) படத்தில் இந்தியச் சாயலும் இல்லை, ஆஸ்திரேலியச் சாயலும் தூக்கலாக இல்லை என்றீர்கள். அந்தப் படத்தின் நிஜ நாயகன் சரூ பிரையர்லி இந்தியாவில் ஐந்து வயதளவில் ரயிலில் தொலைந்து, 1987இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் ஒரு குடும்பத்துக்குத் தத்துப் போனவர். அந்த வயதில் போகும் பிள்ளை பள்ளி மைதானத்தின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளும். வேல்ஸில் பிறந்து சிறுமியாக அடிலெய்டுக்கு வந்த ஜூலியா கில்லார்ட், பிரதமர்களிலேயே அழுத்தமான வழக்குக்காரர்களில் ஒருவர் ஆனார் அல்லவா? ஆகவே சரூ பேச வேண்டியது நகரத்து இளைஞனின் பொது வழக்கு. லண்டனில் வளர்ந்த பட்டேல் பல மாதம் உழைத்துக் கொண்டுவந்ததும் அதுவே. அழும் காட்சியிலும் நழுவவில்லை. இந்திய முகம் பேசினால் இந்திய வாடை வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தமிழ்ப் பத்திரிகையே எழுதலாமா? மெல்பனிலும் சிட்னியிலும் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படியா பேசுகிறார்கள்?

'நிட்ரம்' (2021) படத்தின் கேலப் லாண்ட்ரி ஜோன்ஸ் டெக்சாஸ்காரர் என்று சொன்னால்தான் தெரியும். மறுபக்கம், 'பசிபிக் ரிம்' (2013) படத்தில் அப்பாவாக ஓர் அமெரிக்கரும் மகனாக ஓர் ஆங்கிலேயரும் நடித்தார்கள். தனித்தனியே பார்த்தாலே தடுமாற்றம். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதை யாரும் சரிபார்க்காதது அதைவிடப் பெரிய கோளாறு. குடும்பமாக நடிப்பவர்களை ஒரே பயிற்சியாளர் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசவிட வேண்டும். 'ஜாங்கோ அன்செய்ன்ட்' (2012) கடைசிப் பகுதியில் படத்தின் இயக்குநர் டாரண்டினோவே ஆஸ்திரேலியராக வந்து பேசும்போது பக்கத்தில் நிற்பவர் அசல் ஆஸ்திரேலிய நடிகர் ஜான் ஜாரட். ஒப்பிட வசதியாக ஒரே ஷாட்டில் இருவரையும் நிறுத்தியதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

சரி, முறையாக எப்படிச் செய்வது? படப்பிடிப்புக்கு எட்டு வாரமாவது முன்னால் தொடங்க வேண்டும். முதல் வேலை, மாதிரிக் குரல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பாத்திரத்தின் வயது, ஊர், வகுப்புக்குப் பொருந்தும் ஒரே ஒருவர்; நடிகராக இருக்கக் கூடாது; எழுதி வாசிக்காமல் இயல்பாகப் பேசிய நான்கைந்து நிமிடப் பதிவு. பத்துப் பேரைக் கேட்டால் பத்தும் கலந்து யாருடையதும் இல்லாத பேச்சுதான் வரும். அந்தப் பதிவைப் பத்துப் பன்னிரண்டு நொடித் துண்டுகளாக வெட்டி, காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். முதல் வாரம் வாயே திறக்க வேண்டாம்; மூச்சு எங்கே, யோசிக்கும்போது இழுக்கும் ஒலி எது, வாக்கியம் எங்கே இறங்குகிறது என்று கேட்டுக் குறித்தால் போதும். யோசிக்கும்போது வரும் அந்த இழுவையில்தான் நாக்கின் இயல்பான இருப்பு தெரியும். அதைப் பிடித்துவிட்டால் உயிர்களில் பாதி தானே வந்து உட்காரும்.

பிறகு ஸ்கிரிப்ட். ஒலிக்காத 'ர்'ரைப் பென்சிலால் அடித்துவிடவும். அடுத்த சொல்லோடு சேரும் 'ர்'ருக்கு வளைகோடு. 'மேட்' வகை, 'நைட்' வகை, 'நோ' வகை, 'நௌ' வகை, இந்த நான்குக்கு நான்கு நிறம். அதற்கு மேல் நிறம் சேர்த்தால் தாள்தான் அழகாக இருக்கும், நடிகர் நிறத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிடுவார். அழுத்தமில்லாத அசைகளுக்கு அடியில் ஒரு புள்ளி. வசனத்தை உட்கார்ந்து சொல்லிப் பழகியதோடு நிறுத்தக் கூடாது. நடந்துகொண்டே, சாப்பிட்டுக்கொண்டே, மாடிப்படி ஏறி மூச்சிரைக்க, கத்தி, கிசுகிசுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். கத்தும்போது தாடை அகலத் திறக்கும், உயிர்கள் தாய்வழக்குக்கு ஓடும். அழும்போது அமெரிக்கருக்கு 'ர்' திரும்பி வரும். கிசுகிசுப்பில் மூச்சொலி கூடி மெய்கள் எல்லாம் துலக்கமாகிவிடும். இந்த மூன்றையும் பயிற்சி அறையிலேயே உடைத்துப் பார்க்காதவர் படப்பிடிப்பில் உடைவார். கடைசி இரண்டு வாரம் வசனத்தில் இல்லாத பேச்சுக்கு: காய்கறிக் கடையில் பேரம், தொலைபேசியில் புகார், கோபத்தில் திட்டு. இயக்குநர் திடீரென்று 'நீங்களே ஏதாவது பேசுங்கள்' என்பார்; மனப்பாடம் மட்டும் செய்தவர் அங்கே மாட்டுவார். 'ஆர்வோ' (பிற்பகல்), 'செர்வோ' (பெட்ரோல் நிலையம்), 'டிரேடி' (கைத்தொழிலாளி) என்று சுருக்குச் சொற்களை அள்ளித் தெளிப்பது எதையும் காப்பாற்றாது. எழுத்தாளர் வைத்த இடத்தில் வந்தால் போதும்.

படப்பிடிப்பில் பயிற்சியாளர் ஹெட்போனோடு, கண்டினியூட்டி பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு டேக்குகளுக்கு நடுவில் ஒரே ஒரு திருத்தம்தான் சொல்லலாம். மூன்று சொன்னால் நடிகர் அடுத்த டேக்கில் நாக்கைத்தான் நினைப்பார், எதிரில் நிற்பவரை மறந்துவிடுவார். நடிப்பு உச்சத்தில் இருக்கும் டேக்கில் ஒலி சறுக்கினால் வாயை மூடிக்கொண்டு டேக் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது டப்பிங்கில் பார்க்க வேண்டிய விஷயம். டப்பிங்கிலும் எல்லாம் சரியாகிவிடாது. 'மேட்' உயிரை மாற்றலாம், நீளம் ஒத்துப்போனால் யாருக்கும் தெரியாது. அழுத்தமில்லாத அசை இன்னும் சுலபம். ஆனால் அமெரிக்கர் 'ர்' சொல்லும்போது உதடு குவிந்து முன்னே வருகிறது. க்ளோசப்பில் உதடு 'ர்' என்று காட்டிக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் 'கா' என்று வந்தால் பார்ப்பவருக்கு என்னவென்று தெரியாமலே ஏதோ உறுத்தும். அதனால் 'ர்' சறுக்கலை மட்டும் தளத்திலேயே பிடித்துத் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர்கள் கைவைக்கும் இடம் இன்னொன்று: நாயகனுக்குப் பயிற்சியாளர் உண்டு, இரண்டு வரி பேசும் வங்கி மேலாளருக்குக் கிடையாது. நாயகன் எட்டு வாரம் உழைத்துக் கட்டியதை அந்த இரண்டு வரி கலைத்துவிடும்.

'இவ்வளவு நுணுக்கம் பார்க்க என்ன அவசியம், படம் நன்றாக இருந்தால் போதாதா' என்று உங்கள் கட்டுரை ஓரிடத்தில் கேட்டது. ஆஸ்திரேலியர்கள் தங்கள் குரலைத் திரையிலும் வானொலியிலும் கேட்கவே பல காலம் காத்திருந்தவர்கள். 1932இல் தொடங்கிய அவர்களது பொது ஒலிபரப்பு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் செய்தி வாசித்தது இங்கிலாந்துச் சாயல் குரல்கள்தான். 1979இல் வந்த 'மேட் மேக்ஸ்' அமெரிக்காவில் திரையிடப்பட்டபோது ஆஸ்திரேலிய நடிகர்களின் குரலை நீக்கிவிட்டு அமெரிக்கக் குரலில் டப் செய்து வெளியிட்டார்கள். இத்தனைக்கும் நாயகன் மெல் கிப்சன் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர்! அந்த நாட்டுக்காரர்கள் வேற்று நாட்டு நடிகர் வாயில் தங்கள் பேச்சு எப்படி வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்வதில் வியப்பில்லை.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வரும்போது இரண்டு விவரங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, பாத்திரத்தின் ஊர், வயது, பின்னணி. அது தெரியாமல் உச்சரிப்புக்கு மதிப்பெண் போட வழியே இல்லை. இரண்டு, பேச்சுப் பயிற்சியாளரின் பெயர். படம் முடிந்து ஓடும் எழுத்துகளில் 'டயலெக்ட் கோச்' என்ற வரியில் இருக்கும். ஓடிடி தளங்கள் அதற்குள் அடுத்த படத்துக்குத் தாவிவிடும் என்பதால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பேச்சு, உச்சரிப்புப் பயிற்சியாளர்கள் இருவர்,
மெல்பன்